கூகுள் போதாதா என்கிறவர்களுக்கு

இணைய விவாதங்களையும் பின்னூட்டங்களையும் தேடித் தருவதற்கென்றே ஒரு தேடுபொறி வேண்டும் என்று யாராவது வாய் திறந்தால், முதலில் சிரிப்பவர்கள் கணினித் துறைக்காரர்கள்தான். கூகுள் எல்லாவற்றையும் தேடுகிறது. பின்னூட்டம் என்பதே குப்பை. அப்படியே வேண்டுமென்றாலும் உள்ளதை வாரி ஒரு டேட்டாபேஸில் கொட்டினால் வேலை முடிந்தது. இப்போதுதான் ஏஐ வந்துவிட்டதே. இந்த நான்கில் குப்பை என்ற வாதத்தில் மட்டும் பாதி உண்மை உண்டு. மற்றவை நிற்காது.

கூகுளிலிருந்தே தொடங்குவோம். 1998இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் முன்வைத்த பேஜ்ரேங்க், ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள், எப்படிப்பட்ட பக்கங்கள் லிங்க் கொடுக்கின்றன என்று பார்த்து அதன் மதிப்பை எடைபோட்டது. நாற்பதாவது பின்னூட்டமாகக் கிடக்கும் ஒரு நல்ல பதிலுக்கு யார் லிங்க் கொடுக்கப்போகிறார்கள்? பின்னூட்டத்துக்குள் இருக்கும் லிங்க்குகளுக்கும் 2005 ஜனவரியில் மதிப்பு போனது. கூகுள், யாகூ, எம்எஸ்என் மூன்றும் ஏற்றுக்கொண்ட ‘நோஃபாலோ’ குறிதான் காரணம். ஸ்பேம்காரர்களைத் தடுக்கச் செய்த நியாயமான ஏற்பாடு அது. ஆனால் ‘இங்கே போய்ப் பார்’ என்று மனிதர்கள் ஒருவருக்கொருவர் கைகாட்டியதும் அதோடு கணக்கில் வராமல் போயிற்று.

விவாதங்களைத் தேடுவதற்கென்றே டெஜா நியூஸ் 1995இல் வந்தது. 1979இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரின் யோசனையில் பிறந்த யூஸ்நெட் என்ற விவாத வலையமைப்பின் உரையாடல்களை அது சேர்த்துவைத்தது. 2001 பிப்ரவரியில் சுமார் 50 கோடிச் செய்திகளோடு அதைக் கூகுள் வாங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள், டொராண்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையில் ஹென்றி ஸ்பென்சர் காந்த நாடாக்களில் சேமித்திருந்த பழைய செய்திகளும் சேர, களஞ்சியம் 1981 வரை பின்னோக்கி நீண்டு 70 கோடியைத் தாண்டியது. பிறகு? அதில் தேடுவதே பழுதாகிக் கிடந்தது; 2009இல் வயர்டு இதழ் எழுதிய பிறகே சிலவற்றைச் சரிசெய்தார்கள். 2024 பிப்ரவரி 22 முதல் புதிய யூஸ்நெட் செய்திகளை ஏற்பதையும் நிறுத்திவிட்டார்கள். பணமும் ஆளும் குறைவில்லாத நிறுவனம் அது. விவாதத் தேடல் அங்கே ஓரத்து வேலை, அவ்வளவுதான்.

குப்பைக்கு வருவோம். பின்னூட்டங்களில் பெரும்பகுதி குப்பை என்பதை மறுக்கவில்லை. ஆனால் 1991 ஆகஸ்ட் 25 அன்று ஒரு பின்லாந்து மாணவர், தான் ஒரு இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக முதலில் தெரிவித்ததும் யூஸ்நெட் குழு ஒன்றில்தான். லினக்ஸ் அங்கிருந்து வந்தது. குப்பை அதிகம் என்றால் பொறுக்கும் வேலை அதிகம், அவ்வளவே. அதற்குக் கருவியும் இருக்கிறது. ஒரே ஒருவர் பார்த்து, அவரும் ஆமோதித்த பதில் நூற்றுக்கு நூறு. நூறு பேரில் தொண்ணூறு பேர் ஆமோதித்தது தொண்ணூறு. எதை மேலே வைப்பது? எட்வின் வில்சன் 1927இல் தந்த புள்ளியியல் சூத்திரப்படி, 95 சதவீத நம்பகத்தில் ஆமோதிப்பு விகிதத்தின் கீழெல்லை முதல் பதிலுக்குச் சுமார் 21, இரண்டாவதற்குச் சுமார் 83. விவாதத் தளமான ரெடிட் 2009இல் பின்னூட்டங்களை அடுக்க இதைத்தான் எடுத்துக்கொண்டது.

‘வாரிக் கொட்டினால் போதும்’ என்கிறவர் ஓர் உரையாடலை உன்னிப்பாகப் பார்த்ததில்லை. ஒருவர் கேட்கிறார்: “போர் மோட்டார் உறுமுது, ஆனா சுத்தல.” இன்னொருவர்: “கண்டன்சர் போயிருக்கும், மாத்திப் பாருங்க.” இரண்டு நாள் கழித்து முதலாமவர்: “மாத்தினேன், ஓடிடுச்சு. நன்றிங்க.” தேடி வருபவருக்கு இம்மூன்றில் விலைமதிப்புள்ளது கடைசி வரிதான், சொன்ன வைத்தியம் பலித்தது என்பதற்கு அது மட்டுமே சாட்சி. அந்த வரியில் மோட்டாரும் இல்லை, கண்டன்சரும் இல்லை. சொல்லைக் கொண்டு தேடும் எந்த இயந்திரமும் அதைத் தொடாது. கேள்வியின் சொற்களைப் பதில்களுக்கும் இறக்கித் தந்து, எது எதற்குப் பதில் என்ற கிளைகளோடு சேர்த்துப் பதிய வேண்டும். யூஸ்நெட் செய்திகளின் தலைப்பகுதியிலேயே முந்தைய செய்திகளின் அடையாள எண்கள் இருந்தன. ஆக, கிளையமைப்பு என்றைக்கோ கையில் கிடைத்துவிட்டது, பயன்படுத்தத்தான் மனமில்லை.

தமிழில் பாடு இன்னும் கூடுதல். ‘சுத்தல’, ‘சுத்தலை’, ‘சுற்றவில்லை’ மூன்றும் ஒன்றென்று இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதையே ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ஒருவர் கண்டன்சர் என்பார், படித்தவர் கெப்பாசிட்டர் என்பார். இருபது வருடத்துக்கு முந்தைய உரையாடல் என்றால் அது திஸ்கி என்ற பழைய எழுத்துக் குறியாக்கத்தில் இருக்கக்கூடும். யூனிகோடுக்கு மாற்றாவிட்டால் வெறும் கிறுக்கல். இத்தனையும் தெரிந்த பொதுத் தேடுபொறியை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஏஐ எல்லாவற்றையும் படித்துவிட்டது என்பது கடைசி வாதம். கையில் கிடைத்ததைத்தான் அது படிக்கும். யாகூ குழுமங்களில் இருந்ததை 2019 டிசம்பரில் அந்நிறுவனம் நீக்கத் தொடங்கியபோது, மரத்தடி போன்ற தமிழ்க் குழுமங்கள் இயங்கிய இடமே காலியாயிற்று. கிடைக்கும் இடத்திலும் கதவுக்குப் பூட்டு வந்துவிட்டது: 2024இல் கூகுளோடு ரெடிட் ஒப்பந்தம் போட்டது, ஆண்டுக்குச் சுமார் 6 கோடி டாலர் என்று செய்திகள் கூறின. அதே ஆண்டு ஜூலைக்குள் பிங் போன்ற மற்ற தேடுபொறிகளில் ரெடிட்டின் புதிய பதிவுகள் வராமல் போயின. சரி, படித்தே இருக்கட்டும். “கண்டன்சரை மாற்றுங்கள்” என்று ஏஐ சொல்லும்போது, சொன்னவர் யார், எந்த ஆண்டு சொன்னார், அடுத்த ஆள் அதை மறுத்தாரா என்பதெல்லாம் உதிர்ந்துவிடுகிறது. அவற்றை எடுத்துத் தர அதற்கும் ஒரு தேடுபொறிதான் வேண்டும்.

இந்த நான்கு வாதங்களிலும் வராத ஐந்தாவது ஆட்சேபம் ஒன்று உண்டு, அதுதான் வலுவானது. யூஸ்நெட்டில் எழுதியவர்கள், சில வாரங்களில் அழிந்துவிடும் என்று நம்பிப் பேசியவர்கள். என்றோ கோபத்தில் எழுதிய ஒரு வரி, பெயரைத் தட்டியதும் வந்து நின்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? டெஜா நியூஸ் இதற்கு வழி வைத்திருந்தது: செய்தியின் தலைப்பகுதியில் ‘எக்ஸ்-நோ-ஆர்கைவ்: யெஸ்’ என்று எழுதினால் களஞ்சியத்தில் சேர்க்காது. இன்று கட்டுகிறவர் அதைவிட ஒரு படி மேலே போக வேண்டும்: எழுதியவர் மூலத்தில் அழித்தால் தேடுபொறியிலிருந்தும் அன்றே போக வேண்டும், ஆளின் பெயரைக் கொடுத்துத் தேடும் வசதி தொடக்கத்திலிருந்தே இருக்கக் கூடாது.