அடைப்பானின் ஈரத்தையும் அளக்க வேண்டும்

பி.சி.ஜி., தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசிகள் உறையவைத்து உலர்த்திய பொடியாகவே குப்பிகளில் வருகின்றன. அப்பொடியில் எஞ்சிய ஈரத்தைத் தயாரிப்பின் முடிவில் ஒருமுறை அளந்துவிட்டால் போதும் என்று கருதுவது பிழை. குப்பியின் வாயை மூடும் ரப்பர் அடைப்பானிலும் ஈரம் உண்டு. நீராவியால் கிருமிநீக்கம் செய்யும்போது ரப்பர் நீரை உள்வாங்குகிறது. அதைப் போதிய அளவு உலர்த்தாவிடில், சேமிப்புக் காலத்தில் அந்நீர் சிறிது சிறிதாகப் பொடியைச் சென்றடையும்.

கணக்கு எளியது. ஒரு கிராம் எடையுள்ள அடைப்பானில் 0.1 சதவீதம் நீர் என்பது 1 மில்லிகிராம். அது முழுவதும் பொடியைச் சேர்ந்தால், 500 மில்லிகிராம் பொடிக்கு அது 0.2 சதவீதமே, 20 மில்லிகிராம் பொடிக்கோ 5 சதவீதம். ஆகவே, பொடி குறையக் குறைய அடைப்பானின் ஈரம் மருந்தின் ஆயுளையே தீர்மானிக்கிறது.

அடைப்பானைச் சூடாக்கி எடையிழப்பைப் பார்ப்பது போதாது. ரப்பரிலிருந்து ஆவியாகும் பிற பொருள்களும் அதில் சேர்ந்துவிடும். வெளியேறும் நீராவியை உலர்ந்த நைட்ரஜன் வழியே கார்ல் ஃபிஷர் கலத்துக்குக் கொண்டுசென்று, நீரை மட்டும் அளப்பதே தகும்.

உலர்த்தும் நேரத்தை வழக்கம் அன்று, இந்த அளவீடே முடிவு செய்ய வேண்டும். ஏனெனில், வீரியம் இழந்த தடுப்பூசியைக் குப்பியைத் திறக்கும் செவிலியரின் கண் கண்டறியாது.