மாத்திடலாம்ணே!

பழைய பிக்கப் வைத்திருப்பவனுக்கு ஊரெல்லாம் வைத்தியர்கள். ஸ்டியரிங் ஆடுகிறது என்று வாயைத் திறந்தால் போதும், டீக்கடை பெஞ்சிலிருந்தே "பாக்ஸ் போயிருக்கும்ணே" என்று தீர்ப்பு வந்துவிடும். மீட்டர் முள் சூட்டுப் பக்கம் ஏறுகிறது என்றால், "ஹெட் கேஸ்கெட்தான். எஞ்சினை இறக்கிடலாம்!" வண்டிக்கு அடியில் ஒரு தடவை படுத்துப் பார்க்க மட்டும் ஆள் கிடையாது.

என்னுடையது பழைய டாடா 207. கடலூர் முதுநகரில் மீனும் ஐஸும் ஏற்றி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகச் சிதம்பரம் போய்வரும் வண்டி. வெள்ளாற்றுப் பாலத்தில் எதிரே பஸ் வந்தால் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பட்டறைக்கு விட்டேன். பாக்ஸ் மேலே இருக்கிற ஸ்க்ரூவை ஒரு முறுக்கு முறுக்கினார்கள். ஆட்டம் போகவில்லை, வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவதுதான் நின்றுபோனது. அடுத்து பாக்ஸையே மாற்றினார்கள். அதற்கடுத்து டை ராட் எண்டுகள். ஒவ்வொரு தடவையும் பில் புதுசு, ஆட்டம் பழசு.

கடைசியில் டிரைவர் தம்பியை உள்ளே உட்காரவைத்து நானே சாக்கை விரித்துப் படுத்தேன். "லேசா இப்படியும் அப்படியும் ஆட்டுப்பா" என்றேன். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி, எஞ்சினை ஓடவிடக்கூட வேண்டியதில்லை. மேலிருந்து வரும் அசைவு எந்த மூட்டில் நின்றுபோகிறதோ, அங்கேதான் தேய்மானம். ஸ்டியரிங் ஷாஃப்ட் அசைந்தது. அதன் கிராஸ் மூட்டைத் தாண்டி ஒன்றும் அசையவில்லை. அவ்வளவுதான் விஷயம். அங்கே கோளாறு இல்லையென்றால் அடுத்து பாக்ஸ் போல்ட்டைப் பார்க்கலாம், பிறகு டை ராட். ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வீல் பேரிங்கும் கிங் பின்னும் தெரிந்துவிடும். இதற்குக் கம்ப்யூட்டரா வேண்டும்?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 98-ஆம் விதி, ஸ்டியரிங்கின் வெற்று ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. கடிகாரத்தில் ஒரு மணி நேர இடைவெளி. எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. வேறு எடுக்க வேண்டும். அதற்காகப் பெயிண்ட் பளபளக்கும், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் மின்னும். 30 டிகிரியைப் பற்றி எந்தப் பட்டறையிலாவது ஒரு வார்த்தை பேசிக் கேட்டதுண்டா?

சூட்டுக் கதை இதைவிடக் கொடுமை. முள் ஏறுகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிட்டார்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்குண்ணே?" எண்பது சொச்சம் டிகிரி வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைத்து, எஞ்சினை அதற்குரிய சூட்டில் ஓடவைப்பதே அதன் வேலை. சில எஞ்சின்களில் அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் உள்ளேயே சுற்றும். சூடு குறைவதற்குப் பதில் கூடும்.

நடந்ததோ வேறு. ஹெட்லைட் போட்டால்தான் முள் ஏறியது. டீசல் முள்ளும் கூடவே ஏறியது. லைட் போட்டால் டேங்கில் டீசல் ஊறுமா? இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறினால் சந்தேகம் டேஷ்போர்டு எர்த் மேல்தான் போக வேண்டும். கடற்காற்றும் மீன் பெட்டியில் வழியும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து எர்த் போல்ட்டைத் துருவாக்கி வைத்திருந்தன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடுக்கியதும் இரண்டு முள்ளும் இறங்கிவிட்டன. இதற்கா எஞ்சினை இறக்குவது!

நிஜமாகவே சூடேறும் வண்டியும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. உப்பு போர் தண்ணீர் ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் குழாயில் கல் கட்டியிருக்கலாம், ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம், மூடியின் ரப்பர் போயிருக்கலாம். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதிக்காமல் இருக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, குமிழ் ஓயாமல் வருகிறதென்றால் அப்போது பேசலாம் கேஸ்கெட்டைப் பற்றி. சூட்டோடு திறந்தால் முகம் வெந்துவிடும். சென்ஸார் ஒயரைக் கழற்றினால் முள் விழுகிறதா, நொடிப்பொழுது எஞ்சின் இரும்பில் தொட்டால் ஏறுகிறதா என்று பார்த்தால், ஒற்றை ஒயர் வண்டியில் மீட்டரின் யோக்கியதை தெரிந்துபோகும்.

இத்தனையும் தெரியாத மெக்கானிக் நம் பக்கத்தில் இல்லை. ஆனால் அடியில் படுத்துப் பார்த்ததற்கு இருநூறு ரூபாய் கேட்டால், "பார்த்ததுக்கெல்லாமா காசு?" என்று சண்டைக்குப் போகிறவர்கள் வண்டிக்காரர்கள். பாக்ஸ் மாற்றினேன் என்று ஆயிரக்கணக்கில் பில் நீட்டினால் முணுமுணுத்துக்கொண்டாவது கொடுத்துவிடுகிறோம். பிறகு அவர் ஏன் பார்ப்பார்? மாற்றத்தான் செய்வார். பட்டறைக்காரர்களே, பில்லில் முதல் வரியாகப் 'பார்த்த கூலி' என்று எழுதுங்கள். பேரம் பேசாமல் தருகிறேன். தயவுசெய்து பார்த்துவிட்டு மட்டும் சொல்லுங்கள்.