பொத்தான் எங்கே?

வங்கியின் சட்டப் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். போன மாதம் ஒரு செயலியில் ‘சம்மதம்’ என்று ஒரு தட்டு தட்டினேன். என் விவரமெல்லாம் போயிற்று. சம்மதத்தைத் திரும்பப் பெற? நீண்ட விதிமுறையின் ஒரு மூலையில், மின்னஞ்சல் அனுப்பலாம் என்று இருந்தது. அதற்கொரு பொத்தான் இல்லை.

2023-ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 6-ஆம் பிரிவைப் பாருங்கள். சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, வாபஸ் வாங்குவதும் ஏறக்குறைய அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும்.

என் மகள் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வக்கீல். “நாங்க சரியாத்தான் எழுதித் தர்றோம்பா, பொத்தான் வைக்காதது புரோகிராம் எழுதறவங்க” என்றாள். வேறொரு கம்பெனியில் புரோகிராம் எழுதும் மருமகனோ, “வெளியிடறதுக்கு முந்தின நாள்தான் மாமா வக்கீல் காகிதமே எங்களுக்கு வருது” என்றார்.

அங்கேதான் கோளாறு. வாபஸ் வாங்கினால், சட்டம் வைத்திருக்கச் சொன்னது போக மற்றதை அழிக்க வேண்டும். எது எங்கே கிடக்கிறது என்று முதலிலேயே திட்டமிட்டால்தானே அழிக்க முடியும்? வீடு கட்டி வெள்ளையடித்த பிறகு, குழாய் பதிக்கச் சுவரை இடிப்பதா?

வேலை தாமதமாகும் என்பார்கள். இந்த விதியை மீறினால் அபராதம் 50 கோடி ரூபாய் வரை போகலாம். அது தாமதத்தைவிட மலிவா?

முதல் நாளே இருவரும் ஒரே மேஜையில் உட்காரட்டும். வக்கீல் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் திரையில் இடத்தைக் காட்டட்டும். காட்ட முடியாத செயலி வெளியே வரக்கூடாது.