நூறு யூனிட் யாருக்கு?

சென்ற மாதம் சிங்கப்பெருமாள் கோவிலில் என் வீட்டுக் கூடத்தில் நண்பர்கள் சிலர் கூடி ஒரு நாவலைப் பற்றிப் பேசினோம். எல்லோரும் புறப்படும் வேளையில், செட்டாப் பாக்ஸின் சிவப்பு விளக்கு கண்ணில் பட, சுவிட்சை அணைக்க எழுந்தேன். உடன் பணிபுரியும் நண்பர் சிரித்தார். “சார், ஒரகடம் சாலையில் ராத்திரியெல்லாம் ஆலைகள் ஓடுகின்றன. நீங்கள் இந்தப் பொட்டு வெளிச்சத்தை அணைத்துத்தான் நாட்டைக் காப்பாற்றப் போகிறீர்களா?” அனைவரும் சிரித்தனர். நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்குச் சொல்ல வேண்டிய பதிலை இப்போது சொல்கிறேன்.

மின்சாரத்தில் பெரும்பங்கு ஆலைகளுக்குப் போகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே போகும் மின்சாரத்துக்குக் கணக்கு இருக்கிறது. உயர் மின்னழுத்த இணைப்பு பெற்ற ஆலை, பயன்படுத்திய யூனிட்டுக்கு ஒரு கட்டணம், உச்ச மின்தேவைக்குத் தனிக் கட்டணம், காலை மாலை உச்ச நேரங்களில் கூடுதல் கட்டணம் என்று செலுத்துகிறது. வீணாகும் ஒவ்வொரு யூனிட்டும் யாரோ ஒரு மேலாளரின் தூக்கத்தைக் கெடுக்கும். நம் வீட்டில் வீணாவது யார் தூக்கத்தைக் கெடுக்கிறது?

நண்பர்கள் போன இரண்டாம் நாள் இரவு டார்ச் விளக்குடன் மீட்டர் பெட்டியின் முன் நின்றேன். இன்றைய மின்னணு மீட்டர்களில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டுத் துடிக்கும். எத்தனை துடிப்புக்கு ஒரு யூனிட் என்பது மீட்டரின் முகத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். என் வீட்டு மீட்டரில் 3,200. குளிர்பதனப் பெட்டி, இன்வெர்ட்டர், இணைய மோடம் மூன்றையும் கால் மணி நேரம் நிறுத்தினேன். விளக்குகளும் விசிறிகளும் ஓடவில்லை. இரண்டு தொலைக்காட்சிகள், இரண்டு செட்டாப் பாக்ஸ்கள், மைக்ரோவேவ் அடுப்பு, சலவை இயந்திரம் ஆகியவற்றை வழக்கம்போல் சுவிட்ச் போர்டில் அணைக்காமல் விட்டேன். வீடே உறங்கிக்கொண்டிருந்தது. கால் மணி நேரத்தில் மீட்டர் 20 முறை துடித்தது.

கணக்கு எளியது. மணிக்கு 80 துடிப்பு என்றால் 25 வாட். ஒரு நாளைக்கு 0.6 யூனிட். மின்வாரியம் கணக்கெடுக்கும் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தைக் கழித்தாலும் 30க்குக் குறையாது. 2016 மே மாதம் முதல் தமிழக அரசு ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டை இலவசமாகத் தருகிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை என் வீட்டில் யாருமே அனுபவிக்கவில்லை. ஆளில்லாத கூடத்தில் பெட்டிகள் வெதுவெதுப்பாக இருப்பதற்காக அரசு கருவூலம் பணம் கட்டிக்கொண்டிருக்கிறது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான்.

இலவசத்தைக் கடந்தாலும் தப்பிக்க முடியாது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி அப்போது 500 யூனிட் வரை பயன்படுத்தியவர் ரூ.1,725 கட்டினால் போதுமாக இருந்தது. 501 ஆகிவிட்டால் சலுகை விலைப் படி ஒன்று பறிபோய் ரூ.1,958 கட்ட வேண்டியிருந்தது. அந்த ஒரு யூனிட்டைத் தின்றது எது என்று யாரும் தேடுவதில்லை. பில்லைப் பார்த்து அரசைத் திட்டுவதோடு சரி.

சிக்கனம் பேசுபவர்களிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. கைபேசி சார்ஜரைப் பிடுங்கச் சொல்லிப் பிள்ளைகளை விரட்டுகிறார்கள். கைபேசி இணைக்கப்படாத இன்றைய சார்ஜர் பெரும்பாலும் அரை வாட்டைக்கூடத் தொடுவதில்லை. செட்டாப் பாக்ஸ் பத்து வாட் அளவுக்கு எடுக்கிறது. ரிமோட்டில் அணைத்தாலும் பல பெட்டிகளில் அது பெரிதாகக் குறைவதில்லை. ஓயாமல் ஓடும் பத்து வாட் ஆண்டுக்கு 87.6 யூனிட். எறும்பை நசுக்கிவிட்டுப் பெருச்சாளியை வளர்க்கிறோம்.

குற்றம் முழுவதும் குடும்பத்துடையதும் அன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் ஒழுங்குவிதி இயற்றி, காத்திருப்பு நிலையில் பல வீட்டுக் கருவிகள் அரை வாட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது என்பதை 2013இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இங்கே அரசு கேபிள் நிறுவனம் பெட்டிகளைக் கொள்முதல் செய்யும்போது இப்படி ஓர் உச்சவரம்பை நிபந்தனையாக்க வேண்டும். லட்சக்கணக்கான வீடுகளில் ஒவ்வோர் இரவும் ஒருவர் எழுந்து சுவிட்சை அணைப்பதைவிட, ஆலையில் ஒருமுறை சரியாகச் செய்து அனுப்புவது சுலபம். அதுவரை சுவிட்ச் நம் கையில்தான் இருக்கிறது.

இந்த மின்சாரம் வானத்திலிருந்து இறங்குவதில்லை. எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்து மீனவர் வாழ்வைக் குலைத்தது. 2012இல் சென்னை மாநகருக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு என்றால், பிற மாவட்டங்களில் அது பத்து மணி நேரத்தையும் தாண்டியது. அன்று கைவிசிறியோடு திண்ணையில் கிடந்த நாம்தான் இன்று பொட்டு வெளிச்சம் என்று சிரிக்கிறோம்.

கடைசியாக ஒன்று. அன்றிரவு நான் துடிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தபோது பக்கத்திலேயே இன்னொரு மீட்டர் இருந்தது. மாடியில் குடியிருக்கும் இளைஞர்களுக்காக நான் பொருத்திய துணை மீட்டர். ஒரகடத்து ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள். அன்று இரவு ஷிப்ட். கால் மணி நேரமும் அந்த மீட்டர் ஒருமுறைகூடத் துடிக்கவில்லை. எல்லாவற்றையும் போர்டில் அணைத்துவிட்டுத்தான் அவர்கள் கம்பெனி பேருந்துக்குப் போகிறார்கள். காரணம் எனக்குத் தெரியும். ஊர் வழக்கம் என்று சொல்லி, முதல் யூனிட்டிலிருந்தே யூனிட்டுக்கு எட்டு ரூபாய் அவர்களிடம் வாங்கிக்கொண்டிருந்தவன் நான். இலவச யூனிட் கீழே என் பெட்டிகளுக்கு. முழு விலை மேலே அந்தப் பிள்ளைகளுக்கு.

மின்கட்டணத்தை மொத்த யூனிட்டுக்கு வகுத்து, வரும் சராசரி விலையையே இனி அவர்களிடம் வாங்குவதாகச் சொல்லியிருக்கிறேன். கூடத்துப் பெட்டிகள் எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்கு வந்துவிட்டன. படுக்கப் போகுமுன் ஒரு சுவிட்ச். சிரித்த நண்பர் தம் வீட்டு மீட்டரின் முன் கால் மணி நேரம் நின்றுவிட்டு அடுத்த கூட்டத்துக்கு வரட்டும். எண்ணிக்கையைச் சொன்ன பிறகு நாவலைப் பற்றிப் பேசுவோம்.