கொடுக்கல் வாங்கல்: மூன்று கடைகளும் ஒரே தாளும்

சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய வாப்பா மவுத்தாகி எட்டு மாதங்கள் ஆகின்றன. ஜவுளி மொத்தக் கடை, சில்லறைக் கடை, காலணிக் கடை ஆகிய மூன்றையும் காக்காமார் இருவர் கவனித்து வருகின்றனர். பாகப் பேச்சு எழுந்தபோது கணினியில் எடுத்த ஒரு தாளை நீட்டி, “மூணு கடைக் கணக்கும் இதுல அடக்கம், தங்கச்சி” என்றார்களாம். அத்தாளை அப்படியே ஏற்கலாமா என்பது அவரது வினா.

கூடப் பிறந்தவர்களிடம் கணக்குக் கேட்பது சந்தேகம் ஆகாது. குர்ஆனின் மிக நீண்ட வசனமே (அல்பகரா, 282) கடனை எழுதி வைப்பது பற்றியதுதான்.

டாலி மென்பொருளில் பல நிறுவனங்களின் கணக்குகளை ‘குரூப் கம்பெனி’ என்று ஒன்றாக்கும் வசதி உண்டு. மொத்த ஐந்தொகை நொடியில் வந்துவிடும். ஆனால் அது கூட்டித் தருமேயன்றி, ஒரு கடை மற்றொன்றுக்குத் தர வேண்டிய பாக்கியைத் தானாகக் கண்டறிந்து நீக்காது. மொத்தக் கடையில் சரக்கும் ரொக்கமும் 30 லட்சம், சில்லறைக் கடையிடமிருந்து வரவேண்டியது 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சில்லறைக் கடையின் சரக்கு 25 லட்சம். சொத்துப் பக்கத்தைக் கூட்டினால் 67 லட்சம் தெரியும். உண்மையில் உள்ளது 55 லட்சமே.

இரு கடைகளிலும் இந்தப் பாக்கியை ‘பிராஞ்ச்/டிவிஷன்ஸ்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் எழுதியிருந்தால், சேர்க்கும்போது ஒன்றுக்கொன்று கழிந்து சுழியாகிவிடும். கழியாமல் 3 லட்சம் நின்றால், அது வழியிலுள்ள சரக்காக இருக்கலாம். வீட்டுச் செலவுக்கு எடுத்து எழுதாமல் விட்டதாகவும் இருக்கலாம். நம் குடும்பங்களில் பெரும்பாலும் இரண்டாவதுதான்!

இனி முக்கியமான செய்தி. காலணிக் கடையில் வாப்பாவும் மூத்த காக்காவும் பாதிப் பாதி பங்குதாரர்கள் என்று சகோதரி போகிற போக்கில் குறிப்பிட்டுள்ளார். மற்ற இரண்டும் வாப்பாவுக்கே உரியவை. அப்படியானால் அந்த ஒரே தாள் குடும்பத்தின் மொத்தத்தைக் காட்டுகிறதே தவிர, மர்ஹூம் விட்டுச் சென்றதைக் காட்டவில்லை. காலணிக் கடையில் பாதி காக்காவுடையது. அக்கடை மொத்தக் கடைக்கு 4 லட்சம் தர வேண்டியிருந்தால் அது உண்மையான கடன்; அதைக் கழித்துவிடக் கூடாது. கழித்துவிட்டால், காக்கா ஏற்க வேண்டிய 2 லட்சம் வாரிசுகளின் சொத்திலிருந்து குறைந்துபோகும்.

ஆகவே மூன்று கடைகளுக்கும் தனித்தனி ஐந்தொகை கேளுங்கள். மார்ச் 31ஆம் தேதியிட்டதன்று. வாப்பா மவுத்தான நாளுக்குரியது. டாலியில் எந்த நாளுக்கும் எடுக்கலாம், ஆனால் அந்நாளைய சரக்கிருப்பைச் சிட்டையோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

பங்குதாரர் மரணித்த பின், கணக்கு முடிக்காமல் வணிகம் தொடர்ந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அவருடைய பங்கைக் கொண்டு ஈட்டிய லாபத்தையோ ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ வாரிசுகள் கோரலாம் என்கிறது 1932ஆம் ஆண்டுக் கூட்டு வணிகச் சட்டம். வட்டி நமக்கு ஆகாது, லாபத்தைக் கேளுங்கள். அந்த எட்டு மாத லாபமும் தாளில் தனியே வரட்டும். கடன்களும் வஸிய்யத்தும் போக எஞ்சியதை எவ்வாறு பங்கிடுவது என்பதை, இத்தாள்களைக் கொண்டு சென்று ஊர் ஆலிமிடம் கேட்டறியுங்கள்.