ஐந்து நாட் கொடை

விழாக்காலம் வந்தால் இரத்ததான முகாம் நடத்துவது பழைய மாணவரிடையே நல்வழக்காகிவிட்டது. அது போற்றற்பாலதே. ஆயினும், ஒரே நாளில் நூற்றுவர் திரண்டு கொடுத்துவிட்டால் நம் கடன் தீர்ந்துவிடுமா?

குருதியின் செங்குழியங்களைக் குளிர்ப்பெட்டியில் ஐந்தாறு வாரம் வைத்திருக்கலாம். சிறுதட்டுக்களோ அத்தகையன அல்ல. காயத்தின் வாயை அடைத்து இரத்தப்பெருக்கை நிறுத்துவன இவையே என்பதை 1882 ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் பிற்சொசேரோ விளக்கினார். கொடையாளரின் குருதியைச் சுழற்பொறியிலிட்டு இவற்றைப் பிரித்தெடுப்பர். குளிரூட்டினால் இவை உருத்திரிந்து, ஏற்றியபின் நோயாளியின் உடலில் நிலையாது மறைந்துவிடும். ஆதலின் 20 முதல் 24 பாகை செல்சியஸ் வெப்பத்தில், இடையறாது மெல்ல அசைத்தபடி பேணல் வேண்டும். அவ்வெப்பத்திற் கிருமிகள் பெருகக்கூடுமாகையால், பொதுவாக ஐந்து நாளே இவற்றின் ஆயுள்.

இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒரு சிறுவனுக்கு இவை வாரந்தோறும் வேண்டப்படலாம். நமது விழாவோ ஆண்டில் ஒரு நாள்!

ஆகவே, விழா முகாம் தொடக்கமாக அமையட்டும். அதன்பின் நம் சங்கம் இரத்த வங்கியுடன் கலந்து பேசி, உறுப்பினரை வகுப்பாண்டு வாரியாகப் பிரித்து, மாதந்தோறும் ஒரு பிரிவினர் குருதி கொடுக்க ஒழுங்கு செய்தல் வேண்டும். நம் நாட்டில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் கொடுக்கலாமாதலின், இம்முறை எவர்க்கும் பாரமாகாது. மேல்வகுப்பு மாணவரும் பதினெட்டு வயது நிரம்பியதும் இவ்வணியிற் சேர்வாராக.