காத்திருப்போரைத் தேடி

ஆடித் தபசு நாளில் நம் சங்கரன்கோவில் அன்னை கோமதி, தபசு மண்டபத்தில் காத்திருக்கிறாள். அவள் இருக்குமிடம் நாடி இறைவன் எழுந்தருளி, சங்கரநாராயணராகக் காட்சி தருகிறார். காத்திருப்பவரைத் தேடிச் செல்வது தெய்வ குணம்.

அக்குணம் வாய்க்கப் பெற்றவர், நீலகிரி மாவட்டம் குன்னூர்ப் பகுதியில் தபால்காரராக இருந்த டி. சிவன். அடர்ந்த காட்டு வழியே நாள்தோறும் 15 கிலோமீட்டர் நடந்தார். யானையும் கரடியும் காட்டெருமையும் துரத்தியதுண்டு. வழுக்கும் ஓடைகளையும் கடக்க வேண்டியிருந்தது. சுமார் 30 ஆண்டுகள் இவ்வாறு உழைத்து, 2020-இல் ஓய்வு பெற்றார்.

முதியோர் உதவித்தொகை மணியார்டரில் வந்த காலத்தில், திண்ணையில் காத்திருந்த பாட்டிமார்களுக்குத் தபால்காரரின் குரலே மாதப் பிறப்பு. பணத்தை எண்ணிக் கொடுத்து, கைந்நாட்டு வாங்கி, "சாப்பிட்டீர்களா ஆச்சி?" என்று அவர் கேட்கும் ஒரு சொல்லுக்காகவும் அவர்கள் காத்திருந்தனர். இன்று ஓய்வூதியர்களின் வாழ்நாள் சான்றிதழுக்கும் தபால்காரர் வீடு தேடி வருகிறார்.

கோயிலுக்கு வர இயலாத மூத்தோர் நம் தெருவிலும் உண்டு. அடுத்த முறை அம்பாள் சன்னதியில் பெறும் புற்றுமண்ணில் சிறிதை அவர்கள் வாசலுக்குக் கொண்டு சென்று, சற்று அமர்ந்து பேசி வருவோம். கோமதி அன்னை மகிழ்வாள்.